ஓரிகன் வழித்தடமும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பும்

வரலாறு என்றதும் மன்னரும் படையும் போர்க்களமுமே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. ஆயின், மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எளிய மக்களும் ஒரு நாட்டின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் வழித்தடம் இதற்குத் தக்க சான்றாகும்.

மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில் தொடங்கி, மேற்கே வில்லாமெட் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 2,000 மைல் நீண்டது அவ்வழி. 1843இல் ஒரே பருவத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அதில் சென்றனர். குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் வழங்கிய 1850ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேட்கையை மேலும் தூண்டியது. 1869இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை நிறைவுறும் முன், ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்குமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தடத்தில் நடந்தனர் என்பர்.

நடந்தனர் என்பதே பொருத்தமான சொல். வண்டியில் மாவும் உப்பிட்ட இறைச்சியும் ஏர்க்கருவியும் நிறைந்திருந்தமையால், பெண்டிரும் பிள்ளைகளும் உடன் நடந்தே சென்றனர். புல் தழைக்கும் வசந்தத்தில் புறப்பட்டு, மலைகளில் பனி விழுமுன் அவற்றைக் கடந்தாக வேண்டும். வழியில், இன்றைய வயோமிங் மாநிலத்தில், 'விடுதலைப் பாறை' என்னும் பெருங்குன்று உண்டு. சூலை 4ஆம் நாளுக்குள் அதனை எட்டினால் பயணம் காலக்கெடு தவறவில்லை என்று கொள்வர். எட்டியவர்கள் தம் பெயரை அதில் செதுக்கினர். 1840இல் அவ்வழி வந்த பாதிரியார் தெ ஸ்மெட் அதனைப் பாலைவனத்தின் பதிவேடு என்றார்.

ஆனால், பதிவேட்டில் ஏறாத பெயர்கள் பல. 1852இல் இலினாய் மாநிலத்திலிருந்து ஸ்காட் குடும்பம் புறப்பட்டது. தாய், தந்தை, ஒன்பது பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பணிகளைப் பகிர்ந்தளித்த தந்தை, பதினேழு வயது மகள் அபிகேயிலிடம் நாட்குறிப்பு எழுதும் பணியை ஒப்படைத்தார். கடந்த தொலைவும் நீர்நிலையும் புல்வெளியும் குறிப்பதே அவள் கடமை. சூன் மாதம் வயோமிங் பகுதியில் தாய் வாந்திபேதியால் மாண்டார். அந்த நாளையும் எழுதவேண்டிய கை அவளுடையதே. பயணம் முடியுமுன் அவளுடைய சின்னத் தம்பியும் மறைந்தான்.

அவ்வழியில் மிகுதியான உயிர்களைக் குடித்தது நோயே. தாக்குதல் குறித்த அச்சம் பெரிதாகப் பேசப்பட்டாலும், 1840 முதல் 1860 வரை பழங்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர் என்று ஆய்வறிஞர் ஜான் அன்ரூ கணக்கிட்டார். நோயும் ஒரு பக்கத்தாரை மட்டும் தாக்கவில்லை. 1847இல் வண்டிகளோடு வந்த தட்டம்மை கயூஸ் இனத்தாரில் ஏறக்குறையப் பாதிப்பேரை மாய்த்தது. தம் மக்கள் மடிய, வெள்ளையர் பிள்ளைகள் பிழைப்பதைக் கண்டு ஐயுற்ற கயூஸ் இனத்தார் சிலர், மருத்துவரும் சமயப் பணியாளருமான மார்க்கஸ் விட்மனையும் அவர் மனைவியையும் வேறு சிலரையும் கொன்றனர். நிலம் தேடி வந்தோரின் ஏடுகள் பல நமக்குக் கிடைக்கின்றன. நிலத்தை இழந்தோர் எழுதிய ஏடுகள் கிடைப்பது அரிது. இவ்வழித்தடத்தின் வரலாற்றைப் படிப்போர் மறக்கலாகாத குறை இது.

அபிகேயிலின் எழுதுகோல் ஓரிகனில் ஓயவில்லை. திருமணத்தால் அபிகேயில் ஸ்காட் டனிவே ஆன அவர், 1859இல் அவ்வழிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட புதினத்தை வெளியிட்டார். 1871இல் போர்ட்லாந்தில் தமக்கென இதழ் தொடங்கிப் பெண்களின் வாக்குரிமைக்கு வாதாடினார். உடன் நடந்து வந்த தம்பி ஹார்வி, பெருநாளிதழ் ஒன்றின் ஆசிரியராகி அதனை எதிர்த்தார். ஐந்து முறை தோற்ற அக்கோரிக்கை 1912இல் வென்றது. வாக்குரிமைப் பிரகடனத்தைத் தம் கையாலேயே எழுதும் பேறு முதுமையில் அவருக்கு வாய்த்தது.

பாறையில் பெயர் செதுக்கியவர், 'நான் இதுவரை வந்தேன்' என்றார். பதினேழு வயதுப் பெண்ணோ, தன் தாயால் எதுவரை வர முடிந்தது என்று எழுதி வைத்தாள். எழுதுவோராகிய நமக்கு இவ்விரண்டின் வேறுபாடு புரியாததன்று.