பாற்சர்க்கரைக் குளிகைகள்

உறக்கத்தை விலக்கும் பொருளொன்று மனத்தின் ஆற்றலை மெய்யாகவே வளர்க்கிறதா, அல்லது வளர்ந்துவிட்டதாக ஒரு பிரமையை உண்டாக்குகிறதா என்ற கேள்விக்கு மிகுந்த சிரத்தையோடு விடை தேடிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, ஒரு வழக்கின் நிமித்தமாக, மன்ஹாட்டனில் ஆறு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில் 1911ஆம் ஆண்டு நடைபெற்றது.

காபீன் கலந்த பானம் தேகத்துக்குத் தீங்கு என்ற அபிப்பிராயம் கொண்ட ஹார்வி வைலி என்னும் ரசாயன அதிகாரியின் முயற்சியால், அமெரிக்க சர்க்கார் 1909இல் கோகோ-கோலாச் சாறு நிரம்பிய 40 பெரிய பீப்பாய்களையும் 20 சிறிய பீப்பாய்களையும் கைப்பற்றி வழக்குத் தொடுத்தது. காபீன் மனித மனத்தை என்ன செய்கிறது என்பதற்குப் போதிய சான்று தன் கையில் இல்லை என்று கண்ட கம்பெனி, பர்னார்டு கல்லூரியின் இளம் ஆசிரியர் ஹாரி ஹாலிங்வொர்த்தை நாடியது. மனைவி லீட்டாவின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்ட நிலையிலும், முடிவு கம்பெனிக்குப் பாதகமாயினும் அதை வெளியிடுவேன், விளம்பரத்தில் என் பெயரை எடுத்தாளக் கூடாது என்ற நிபந்தனைகளின் பேரிலேயே அவர் அப்பணியை ஏற்றார். வறுமைக்கிடையே காத்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

நம்பிக்கையே பலனை விளைவித்துவிடும் என்ற அபாயத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜில் ரிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் உணர்ந்திருந்தார். நம் நீலகிரியின் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான், காபீனையும் வெற்றுக் கலவையையும் நாவால் வேறுபடுத்த இயலாதபடி தயாரித்துச் சோதித்தவர். ஹாலிங்வொர்த் தம்பதிகள் அம்முறையை இன்னும் கண்டிப்பாகக் கையாண்டனர். முதல் வாரம், சோதனைக்கு உட்பட்ட 16 பேருக்கும் பாற்சர்க்கரை அடைத்த குளிகைகளே கொடுக்கப்பட்டன. பின்னர் காபீன் சேர்ந்தபோதும், எந்நாளில் எது உட்சென்றது என்பதை உட்கொண்டவரும் அறியார், சோதித்தவரும் அறியார். 40 நாட்கள் அவர்கள் தட்டச்சு அடித்தனர், வண்ணங்களின் பெயர் கூறினர், எதிர்ப்பதம் சொல்லினர், கணக்குப் போட்டனர். ஒரு சோதனையில், சிறு துளைக்குள் உலோகக் கம்பியை விளிம்பில் படாமல் பிடித்து நிற்க வேண்டும். கை நடுங்கிக் கம்பி பட்டபோதெல்லாம் மின்சாரத் தொடர்பு அதைக் குறித்துக்கொண்டது.

1912இல் வெளிவந்த முடிவுகள் ஒரே பல்லவியைப் பாடவில்லை. வண்ணம் கூறுதல், கணக்கு முதலியவை விரைவடைந்தன. தட்டச்சின் வேகம், காபீனைச் சிறிய அளவில் உட்கொண்டபோது கூடி, பெரிய அளவில் உட்கொண்டபோது குறைந்தது. அளவு மிகும்போது கை நடுங்கியது, சிலருக்கு இரவில் உறக்கம் கெட்டது. விரைவும் நிதானமும் வெவ்வேறு வழியில் செல்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதை இவ்வாராய்ச்சியின் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன். நியாயஸ்தலமோ இவற்றை எடைபோடவில்லை. காபீன் அப்பானத்தில் புறத்தே சேர்க்கப்பட்ட பொருளன்று என்ற சட்ட நுட்பத்தின் பேரில் வழக்கைத் தள்ளியது. 1916இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிய பின் சமரசம் ஏற்பட்டு, பானத்தில் காபீனின் அளவு குறைக்கப்பட்டது.

காபீனுக்குப் பின் வேறு ஊக்க மருந்துகளும் வந்தன. 1930களில் பென்செட்ரின் மாத்திரை அமெரிக்க மாணவர்களின் பரீட்சைக்காலத் துணையாயிற்று. 1938இல் சந்தைக்கு வந்த பெர்விட்டின் ஜெர்மானியப் படைவீரர்களைப் பல இரவுகள் விழித்திருக்கச் செய்தது. விழிப்பையே அறிவு என்று எண்ணும் மயக்கம் அவற்றோடு பரவியது. அம்மயக்கத்துக்கு அண்மையில் ஒரு சோதனை விடை தந்தது. மெல்போர்ன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள், எடை வரம்பு மீறாமல் மதிப்பு மிகுந்த பொருள்களைத் தேர்ந்து ஒரு பையில் நிரப்பும் கணக்கை 40 பேரிடம் கொடுத்து, உறக்கத்தை விலக்கும் மொடாஃபினில் உள்ளிட்ட மூன்று ஊக்க மருந்துகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டனர். மருந்துண்டவர்கள் அதிக நேரம் முயன்றனர், பொருள்களை அதிகமாக மாற்றி மாற்றி வைத்தனர்; முயற்சியின் தரமோ தாழ்ந்தது. மருந்தின்றிச் சராசரிக்கு மேல் நின்றவர்களுள் பலர், மருந்துண்டபோது சராசரிக்குக் கீழே இறங்கினர்.