கனவு வேலை

கனவு வேலை என்பது, ஒருவர் தாம் செய்துவரும் பணியிலிருந்து மனத்தளவில் விலகி, தமக்கு முற்றிலும் பொருந்தும் என்றும் இன்பமே தரும் என்றும் கற்பனை செய்துகொள்ளும் வேறொரு பணியைக் குறிக்கும். விரும்பிய துறையில் உயர்பதவி பெறும் இலக்கையும் சிலர் இச்சொல்லால் குறிப்பதுண்டு. எனினும் இங்கு விளக்கப்படுவது அதுவன்று. மலையடிவாரத்தில் ஒரு சிறு தோட்டம், கடற்கரையில் ஒரு தேநீர்க்கடை, காட்டு விடுதியில் மேலாளர் பணி, மலையுச்சி வானாய்வகத்தில் விண்மீன்களை நோக்கும் பணி என அமைதியான சூழலைக் களமாகக் கொண்ட பகற்கனவே இங்குப் பொருளாகும். இக்கனவு பெரும்பாலும் பணிச்சோர்வு மிகும் காலத்தில் தோன்றுகிறது. அதில் வேலையின் இடம் தெளிவாகத் தெரியும். வேலையின் நாள்முறை பெரும்பாலும் தெரிவதில்லை.

சொற்பயன்பாடு

தமிழில் பகற்கனவு, மனக்கோட்டை, ஆகாயக் கோட்டை ஆகிய சொற்கள் பழக்கத்தில் உள்ளன. இவை மூன்றும் சற்றே இகழ்ச்சிக் குறிப்புடையவை. பஞ்சதந்திரக் கதைகளில் மாவுப் பானையைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருக்கும் அந்தணன், ஆடு, மாடு, வீடு, மனைவி, மகன் என்று கற்பனையை வளர்த்துக்கொண்டே போய், இறுதியில் காலை உதறிப் பானையை உடைத்துவிடுகிறான். பகற்கனவு பற்றிய பழைய எச்சரிக்கைகளுள் இது நன்கு அறியப்பட்டது. அந்த அந்தணன் செல்வத்தைக் கனவு கண்டான். இக்காலப் பணியாளர் பலர் செல்வம் குறைந்தாலும் ஓய்வு கூடிய வாழ்வைக் கனவு காண்கின்றனர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பணிச்சோர்வுடன் உள்ள தொடர்பு

பணிச்சோர்வு என்னும் கருத்தை உளவியல் இலக்கியத்தில் பரவலாக அறிமுகப்படுத்தியவர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் ஆவார். நியூயார்க்கு நகரில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றியவர்களிடம் தாம் கண்ட தளர்ச்சியைப் பற்றி 1974 ஆம் ஆண்டு அவர் எழுதினார். விருப்பமில்லாத வேலையைச் செய்தவர்களிடம் அன்றி, பெருவிருப்புடன் வந்த தொண்டர்களிடமே அவர் இதனைக் கண்டார் என்பது இக்கட்டுரைப் பொருளுக்கு முதன்மையானது. விரும்பிய வேலையும் சோர்வளிக்கக்கூடும் என்பது இத்துறையின் தொடக்கத்திலேயே தெரிந்த செய்தியாகும்.

பின்னர் கிறிசுட்டினா மாசுலாக்கு பணிச்சோர்வை மூன்று கூறுகளாக வகுத்தார். அவை உள்ளம் வற்றிப்போதல், வேலையின் மீதும் மனிதர்கள் மீதும் பற்றறுதல், தம் திறமை மீதான நம்பிக்கை குன்றுதல் என்பனவாகும். இவற்றை அளவிடும் வினாநிரல் 1981 இல் வெளிவந்தது. உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஏற்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில் பணிச்சோர்வு இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது நோயாக அன்றி, பணி சார்ந்த நிகழ்வாகவே அங்குக் குறிக்கப்பட்டுள்ளது.

மாசுலாக்கும் மைக்கேல் லைட்டரும் பணியாளருக்கும் பணியிடத்துக்கும் இடையே பொருத்தம் கெடும் ஆறு இடங்களைச் சுட்டினர். அவை பணிச்சுமை, தன்னுரிமை, கைம்மாறு, உடன்பணியாற்றுவோர் உறவு, நேர்மையான நடத்துகை, விழுமியம் என்பன. ஒருவருடைய கனவு வேலையை இந்த ஆறுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், கனவு எதற்கு மாற்றாக எழுந்தது என்பது ஓரளவு புலப்படும். தனிமையான மலைக்குடிலைக் கனவு காண்பவருக்கு மலை தேவையா, அல்லது ஓயாது வரும் தொலைபேசி அழைப்புகளிலிருந்து விடுதலை தேவையா என்பது ஆராய வேண்டிய வினாவாகும். இரண்டாவதுதான் தேவை எனில் அதற்கு மலையேற வேண்டியதில்லை.

உளவியல் ஆய்வுகள்

பகற்கனவை முறையாக ஆராய்ந்த முன்னோடி அமெரிக்க உளவியலாளர் செரோம் சிங்கர் ஆவார். இவர் பகற்கனவை ஆக்கமானது, குற்றவுணர்வும் அச்சமும் கலந்தது, கவனம் நிலைகொள்ளாமையால் எழுவது என மூன்று வகையாகக் கண்டார். முதல் வகை திட்டமிடலுக்கும் படைப்பாற்றலுக்கும் உதவும் என்பது அவருடைய நிலைப்பாடு.

2010 இல் மாத்தியூ கில்லிங்சுவர்த்தும் தானியேல் கில்பர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு வேளைகளில் அப்போது என்ன செய்கிறீர்கள், எதைப் பற்றி எண்ணுகிறீர்கள் என்று வினவப்பட்டது. பெறப்பட்ட விடைகளில் 46.9 விழுக்காட்டில் மனம் கைவேலையில் இல்லை. இனியவற்றைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தவர்களும் கூட, கையிலுள்ள வேலையில் மனம் ஊன்றியிருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

கனவு வேலைக்கு இன்னும் நெருக்கமானது கபிரியேல் எட்டிங்கனின் ஆய்வாகும். படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை அவரும் தோரிசு மேயரும் தொடர்ந்து கவனித்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலை கிடைத்துவிட்டதாக இனிய கற்பனையில் மிகுதியாக ஆழ்ந்தவர்கள், ஈராண்டுகளுக்குப் பின், குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தனர். குறைந்த ஊதியமே பெற்றனர். வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தவர்களுக்கோ நிலை நேர்மாறாக இருந்தது. எதிர்பார்ப்பு முன்னனுபவத்தின் மீது எழுவது, கற்பனைக்கு அத்தகைய அடித்தளம் தேவையில்லை என்பது எட்டிங்கனின் விளக்கம். கற்பனையிலேயே இலக்கை அடைந்துவிட்ட மனம் முயற்சியைத் தளர்த்திவிடுகிறது. இதற்கு மாற்றாக, விரும்பும் நிலையையும் அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்க்கும் முறையை அவர் முன்வைத்தார்.

உலகின் மிகச்சிறந்த வேலை, 2009

கனவு வேலை ஒன்று உண்மையிலேயே விளம்பரம் செய்யப்பட்ட நிகழ்வும் உண்டு. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலச் சுற்றுலாத் துறை 2009 சனவரியில் ஆமில்ட்டன் தீவின் காவலர் பணிக்கு ஆள் தேவை என அறிவித்தது. ஆறு மாதத்திற்கு 1,50,000 ஆத்திரேலிய டாலர் ஊதியமும் கடலை நோக்கிய வீடும் அளிக்கப்படும் என்றது. 34,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த பென் சவுத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். தீவில் அவருக்கு ஓய்வு கிட்டவில்லை. சுற்றுலா விளம்பரத்தின் பொருட்டு அடுத்தடுத்துப் பயணங்களும் நேர்காணல்களும் எழுத்து வேலையுமாகக் காலம் கழிந்தது. பணி முடியும் தறுவாயில், 2009 திசம்பரில், நச்சுள்ள சிறு சொறிமீன் ஒன்று அவரைக் கொட்டியது. மருத்துவம் பெற்றுத் தேறினார்.

காவலூர் வானாய்வகம்

தமிழ்நாட்டில் இத்தகைய கனவுக்கு ஏற்ற இடம் எனச் சவ்வாது மலையைச் (ஜவ்வாது மலை) சொல்லலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற இம்மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. காடு சூழ்ந்த மலை, வெண்ணிறக் குவிமாடம், இரவெல்லாம் விண்மீன்கள் என வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட இனிய பணியிடம் இருக்க முடியாது என்றே தோன்றும்.

இதனை நிறுவியவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு (1927-1982). இவருடைய தந்தை ஐதராபாத்து நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகவே பாப்புவுக்கு இத்துறை அலுவலகச் சலிப்பில் பிறந்த கனவன்று, வீட்டிலேயே கண்டு வளர்ந்த தொழிலாகும். 1960 இல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநரான அவர், விண்மீன் ஆய்வுக்கு மேலும் ஏற்ற வானத்தைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 சனவரி 6 அன்று பிரதமர் இராசீவ் காந்தி தொடக்கி வைத்தார். வானாய்வகத்திற்கும் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அத்தொலைநோக்கிக்காகப் பல்லாண்டு உழைத்த பாப்பு அதன் வழியே ஒரு விண்மீனையும் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கு நகரில் அவர் காலமானார்.

இங்கு நடைபெறும் பணியின் நாள்முறை (இரவுமுறை என்பதே பொருத்தம்) கனவில் வருவதைப் போன்றதன்று. வெப்பக் காற்று உருவத்தைக் கலைத்துவிடும் என்பதால் குவிமாடத்தின் உட்பகுதி வெளிக்காற்றின் குளிரிலேயே இருக்க வேண்டும். ஒளிப்படத் தகடுகள் பயன்பட்ட காலத்தில், நோக்குநர் ஒரே விண்மீனை நிறமாலைமானியின் நுண்பிளவில் மணிக்கணக்காக நிறுத்திவைத்துக் கண்ணால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தொலைநோக்கி நேரம் விண்ணப்பித்துப் பெறுவதாகும். ஒதுக்கப்பட்ட இரவில் மேகம் திரண்டால் அந்த இரவு வீணே. நல்ல வானம் பெரும்பாலும் சனவரி முதல் மே வரை கிட்டும். பருவமழைக் காலங்களில் காத்திருப்பே பணியாகிவிடும். உடலைப் பொறுத்தவரை இதுவும் இரவுப்பணியே. வெளிநாட்டு வாடிக்கையாளர் நேரத்திற்கு ஏற்ப விழித்திருக்கும் சென்னை அழைப்பு மையப் பணியாளரின் உடற்கடிகாரத்திற்கும் வானியலாளரின் உடற்கடிகாரத்திற்கும் வேறுபாடில்லை. இரவுப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007 இலும் மீண்டும் 2019 இலும் வைத்தது.

இவ்வளவுக்குப் பின்னும் அப்பணியை விரும்பி ஏற்போர் உண்டு, பயன்களும் உண்டு. 1988 பிப்ரவரி 17 அன்று இங்குக் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு 4130 இராமானுசன் எனப் பெயரிடப்பட்டது. ஆனால் பணியின் உருவமே மாறிவருகிறது. இந்திய வானியற்பியல் நிறுவனம் இலடாக்கின் ஆன்லே பகுதியில் 4,500 மீட்டர் உயரத்தில் அமைத்த 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி, பெங்களூரை அடுத்த ஓசகோட்டேயில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்கப்படுகிறது. அங்கு வானியலாளர் இரவு முழுதும் பார்ப்பது கணினித் திரையைத்தான்.

சாமை நிலமும் மலை மக்களும்

தமிழ்நாட்டு மென்பொருள் பணியாளரிடையே மிகப் பரவலான கனவு வேலை வேளாண்மை எனலாம். சிறிது நிலமும் கேணியும் வீடும் வேண்டும் என்ற விருப்பம் பாரதியார் பாடல் வழியாகவும் தமிழர் நினைவில் பதிந்துள்ளது. கோ. நம்மாழ்வார் (1938-2013) கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் அரசுப் பணியை 1960களில் துறந்தது இவ்விடத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வெடுத்துக்காட்டு முழுதும் பொருந்தாது. அவர் ஓய்வு தேடி விலகவில்லை. அங்கு நடந்த ஆராய்ச்சி மானாவாரி உழவருக்குப் பயன்படவில்லை எனக் கருதி விலகினார். அதன்பின் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக நடந்தார்.

சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று சாமை ஆகும். இது மழையை நம்பிய பயிர். விளைந்ததைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்க வேண்டும். உமி நீக்குவது கடினமான வேலை. உரலில் இட்டுக் குத்துவதே மரபு. ஐக்கிய நாடுகள் அவை 2023 ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் நகரங்களில் சாமைக்கு மதிப்பு கூடியது. நாடு முழுவதற்குமான 2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதிலும் ஒரு பெரும்பகுதி கூலி வேலையால் வருவதாகும். சேமிப்புடன் மலையேறும் நகரவாசிக்கு அத்தொகை கூடுதல் வருமானமாக இருக்கலாம். பிறந்தது முதல் அங்கு வாழ்பவருக்கு அதுவே முழு வருமானம்.

ஆகவே மலையிலிருந்து இறங்குவோரும் பலர். கட்டுமானப் பணிக்கும் தோட்ட வேலைக்கும் வெளியூர் செல்வது சவ்வாது மலைச் சிற்றூர்களில் வழக்கம். அதிகக் கூலி தருவதாகக் கூறும் தரகர்கள் சிலரை ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டவும் அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் 20 தமிழகத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மரம் வெட்டியவர்கள் தாக்கியதால் சுட நேர்ந்தது எனக் காவல்துறை கூறியது. பிடித்துச் சென்று கொன்றனர் என்று உறவினரும் மனித உரிமை அமைப்புகளும் குற்றம் சாட்டினர். இறந்தவர்களுள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். சவ்வாது மலைச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.