இரைச்சல் தணிந்த கதை

டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினித் தொழிற்சாலை திறந்தது 2007இல். நல்ல வேளை பார்த்து வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. 2004இன் பென்டியம் 4 சில்லுகளில் சில 115 வாட் வரை வெப்பம் உமிழ்ந்தன. விசிறி அலறாமல் என்ன செய்யும்? அவ்வாண்டே ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கணினியொன்றில் நீர்மக் குளிர்விப்பைப் புகுத்தியது. ஆர்வலர்களோ அதற்கு முன்பே கார் ரேடியேட்டரையும் மீன்தொட்டி மோட்டாரையும் பூட்டிப் பார்த்திருந்தனர் (வீட்டார் பாடு தனி). 2006இல் வந்த கோர் 2 டுயோ 65 வாட்டில் அடங்கியது. நம் மேசைகளில் இரைச்சலைத் தணித்தது தண்ணீரன்று, சிக்கனமான சில்லு.

நீர் வெப்பத்தைச் சுமந்து செல்லும், இறக்கிவைப்பது அறைக்காற்றில்தான். அக்காற்றினும் குளிர்ந்துவிட எந்த ரேடியேட்டராலும் இயலாது. குளிர்நாட்டில் ஓசையின்றி ஓடும் அதே கணினி, கத்திரி வெயிலில் ஒரகடத்து அறையொன்றில் விசிறியை விரட்டவே செய்யும்.