கிணற்றுக்குள் ஏறிய விசிறியும் மலாக்கா நீரிணையில் எரிந்த கப்பல்களும்



லங்காவித் தீவின் படகுத் துறைகளுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் உல்லாசப் பாய்ப்படகுகளின் அடிப்பகுதியைச் சற்றுக் குனிந்து நோக்குங்கள். இயந்திரம் சுழற்றும் விசிறி அங்கே இருக்கும். ஆங்கிலத்தில் புரொப்பெல்லர் என்றும் மலாயில் கிப்பாஸ் என்றும் வழங்குகிறோமே, அதுதான். சில படகுகளில் அதன் இதழ்கள் விரிந்து நில்லாமல், மலராத தாமரை மொட்டைப் போலப் பின்னோக்கிக் குவிந்திருக்கும். அது பழுதன்று, அவ்வாறு மடங்குவதற்கென்றே செய்யப்பட்டது. டென்மார்க் நாட்டின் கோரி, ஃபிளெக்சோஃபோல்ட் போன்ற நிறுவனங்கள் இவ்வகை மடக்கு விசிறிகளுக்குப் பெயர் பெற்றவை.

விசிறியை ஏன் மடக்க வேண்டும்? இயந்திரம் ஓடும்போது படகைத் தள்ளும் அதே விசிறி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தவுடன் படகைப் பின்னுக்கு இழுக்கும் சுமையாக மாறிவிடுகிறது. விரித்த குடை ஒன்றை நீரில் இழுத்துப் பார்த்தால் எவ்வளவு கனக்கும், மடக்கிய குடையை இழுத்தால் எவ்வளவு எளிதாக வரும் என்பதை மாணவர்களே ஒரு வாளித் தண்ணீரில் சோதித்து அறியலாம். சிறு படகொன்றுக்கு இதனால் மணிக்கு ஒரு கடல் மைல் அளவுக்குக்கூட வேகம் குறையலாம். மடக்கு விசிறியில் இதழ்கள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திரத்தை நிறுத்திப் பாயில் செல்லும்போது, எதிர்வரும் நீரின் அழுத்தமே இதழ்களைப் பின்னோக்கிக் குவித்துவிடும். தண்டு மீண்டும் சுழலத் தொடங்கியதும் மையவிலக்கு விசை அவற்றை விரித்துவிடும். பின்னோக்கிச் செல்லும்போது மட்டும் இதற்குச் சற்றுத் தடுமாற்றம் உண்டு. அப்போது நீர் தரும் உந்துவிசை இதழ்களை மூடவே முயலும். மடங்காமல், இதழ்களை நீரோட்டத்திற்கு இணையாகத் திருப்பிக்கொள்ளும் மற்றொரு வகையும் உண்டு.

இச்சிக்கல் உல்லாசப் படகுகளோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருங்கப்பல்கள் இதனோடு போராடின. அந்தப் போராட்டத்தின் ஓர் அத்தியாயம் நம் மலாக்கா நீரிணையில் நெருப்பாக எரிந்தது. அதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

முதலில் விசிறியின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1836ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய விவசாயியும், சுவீடன் நாட்டவரான ஜான் எரிக்சனும் தனித்தனியே இலண்டனில் காப்புரிமை பெற்றனர். ஸ்மித்தின் விசிறி மரத்தாலான திருகாணியைப் போன்று இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. 1837இல் கால்வாய் ஒன்றில் சோதனை ஓட்டம் நடந்தபோது அதில் பாதி ஒடிந்துபோயிற்று. படகோ முன்னைவிட வேகமாக ஓடியது! திருகாணி நீளமாக இருக்க வேண்டியதில்லை என்ற உண்மை அவ்வாறுதான் வெளிப்பட்டது. 1845 ஏப்ரல் 3ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை, விசிறி பூட்டிய ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரங்கள் பூட்டிய அலெக்டோ கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து இழுக்க விட்டது. ராட்லர் அலெக்டோவை மணிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கடல் மைல் வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது. கயிறு இழுக்கும் போட்டியைப் போன்ற இக்காட்சியை மாணவர்கள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

ஆயினும் அக்கால நீராவி இயந்திரங்கள் நிலக்கரியை விழுங்கும் பகாசுரர்கள். பெருங்கடலை நிலக்கரியால் மட்டும் கடப்பது செலவு மிக்கது; பல வேளைகளில் இயலாததும்கூட. ஆகவே கப்பல்கள் பாய்மரங்களைக் கைவிடவில்லை. காற்று இருக்கும்போது பாய். காற்று நின்றாலோ அவசரம் நேர்ந்தாலோ நீராவி. பாயில் செல்லும்போது விசிறியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைய கப்பல் கட்டுநர்கள் கண்ட விடை, விசிறியையே நீரிலிருந்து தூக்கிவிடுவது. கப்பலின் பின்புறத்தில், மேல்தளம்வரை செல்லும் கிணறு போன்ற ஒரு குழாய்வழி அமைக்கப்பட்டது. இரண்டே இதழ்கள் கொண்ட விசிறியைச் செங்குத்தாக நிறுத்தி, தண்டிலிருந்து கழற்றி, சட்டத்தோடு கப்பிக் கயிறுகளால் மேலே இழுத்துவிடுவர். இதழ்கள் இரண்டுக்கு மேற்பட்டிருந்தால் குறுகிய கிணற்றுக்குள் நுழையாது.

1860இல் நீரில் இறக்கப்பட்டு, இன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் காட்சிக்கு நிற்கும் வாரியர் என்னும் இரும்புப் போர்க்கப்பலில் இந்த விசிறியைத் தூக்குவதற்கு 600 மாலுமிகள் வரை கயிறு இழுக்க வேண்டியிருந்தது. கூடவே புகைபோக்கியையும் உள்ளுக்குள் இறக்கிக்கொள்வார்கள். ஒரு கப்பலின் ஆள்பலம் முழுவதும் ஒரு விசிறிக்காகவா என்று நமக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால், இவ்வமைப்பை மிகத் திறமையாகப் பயன்படுத்திய கப்பல் வாரியர் அன்று. அதைவிடப் பன்மடங்கு சிறியதான அலபாமா. அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்த தென்மாநிலங்களுக்குக் கடற்படை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. அவற்றின் முகவர் ஜேம்ஸ் புல்லக், இங்கிலாந்தின் பெர்க்கென்ஹெட் நகரில் லேர்ட் நிறுவனத்தாரிடம் மறைவாக ஒரு கப்பலைக் கட்டச் செய்தார். கட்டப்படும்போது அதற்குப் பெயர்கூட இல்லை. 290 என்ற எண்தான். அமெரிக்கத் தூதர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் அளித்த சான்றுகள் அரசு வழக்கறிஞர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டன. அவரோ மனநலம் குன்றியிருந்ததால் தாள்கள் பல நாள் அப்படியே கிடந்தன. 1862 ஜூலை 29ஆம் நாள் விருந்தினரையும் சீமாட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, சோதனை ஓட்டம் என்ற பெயரில் கப்பல் புறப்பட்டது. விருந்தினர்கள் இழுவைப் படகில் கரை திரும்பினர்; கப்பல் திரும்பவில்லை. அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே பீரங்கிகள் ஏற்றப்பட்டன. ராஃபேல் செம்ஸ் தலைவரானார்.

கப்பலின் நீளம் ஏறத்தாழ 67 மீட்டர். அதன் பின்புறத்தில் விசிறிக் கிணறு இருந்தது. பதினைந்தே நிமிடங்களில் விசிறியைக் கழற்றி மேலேற்றிவிடலாம் என்றும், அதன்பின் அலபாமா எல்லா வகையிலும் ஒரு பாய்க்கப்பலே என்றும் செம்ஸ் தம் நினைவுநூலில் பெருமிதத்தோடு எழுதியுள்ளார். அப்பெருமிதத்திற்குக் காரணம் உண்டு. நடுநிலை நாடான பிரித்தானியா 1862 தொடக்கத்தில் ஒரு விதி வகுத்தது. போரிடும் இரு தரப்புக் கப்பல்களும் பிரித்தானியத் துறைமுகம் ஒன்றில் ஒருமுறை நிலக்கரி பெற்றால், சிறப்பு அனுமதியின்றி அடுத்த மூன்று மாதங்களுக்கு எந்தப் பிரித்தானியத் துறையிலும் மீண்டும் பெற இயலாது. தென்மாநிலங்களின் துறைமுகங்களோ வடபுலக் கடற்படையின் முற்றுகையில் இருந்தன. இந்நிலையில் நிலக்கரியை மட்டும் நம்பிய கப்பல் சில வாரங்களில் முடங்கியிருக்கும். அலபாமாவோ ஏறத்தாழ 22 மாதங்கள் தன் தாய்நாட்டுத் துறை ஒன்றையும் தொடாமல் உலகைச் சுற்றியது. 65 கப்பல்களைப் பிடித்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீயிட்டது. சிலவற்றைத் தவிர ஏனையவற்றைப் பாயிலேயே பிடித்ததாகச் செம்ஸ் கூறுகிறார். பாயில் செல்லும் கப்பலில் புகை எழாது. வணிகக் கப்பல்கள் ஐயுறுவதற்கு எதுவுமில்லை. நிலக்கரி, போருக்கும் புயலுக்கும் காற்றில்லாக் கடலுக்கும் மிச்சப்பட்டது.

1863 ஆகஸ்டில் அக்கப்பல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வந்தது. அங்கு வாழும் மலாய் வழியினர் இன்றும் பாடும் 'டார் கொம் டி அலிபாமா' என்ற பாட்டு அந்த வருகையைப் பற்றியது என்பது பரவலான வழக்கு. டச்சுக்காரர்களால் மலாய்த் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் பெயரர்கள், அடிமை முறைக்காகப் போரிட்ட கப்பலைப் பாடி மகிழ்ந்தார்கள் என்றால் வரலாற்றின் விந்தையை என்னென்பது!

அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து, நவம்பரில் சுந்தா நீரிணைப் பகுதியில் மூன்று கப்பல்களை எரித்துவிட்டு, டிசம்பர் 21ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தது அலபாமா. அப்போது கவர்னராக இருந்தவர் ஓர்ஃபியூர் கவெனா. நீரிணைக் குடியேற்றங்கள் இன்னமும் இந்திய அரசின் ஆட்சியில்தான் இருந்தன. பின்னாளில் கெப்பல் துறைமுகம் என்று பெயர் பெற்ற புதிய துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றப்பட்டது. துறையில் அமெரிக்க வணிகக் கப்பல்கள் பல சரக்கின்றி முடங்கி நின்றன. அமெரிக்கக் கொடியோடு செல்லும் கப்பலில் சரக்கேற்ற எவரும் முன்வரவில்லை. பீரங்கி முழங்காமலேயே ஒரு வணிகம் முடக்கப்பட்டிருந்தது. அமெரிக்க உரிமையாளர் பலர் கப்பல்களை வெளிநாட்டவருக்கு விற்றனர். சிலர் விற்றதுபோல் தாள் எழுதிக் கொடியை மட்டும் மாற்றினர்.

அத்தகைய ஒன்றுதான் டிசம்பர் 24ஆம் நாள், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய சில மணி நேரத்தில் அகப்பட்டது. பர்மாவின் மௌல்மீன் நகரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் நோக்கி வந்த அதன் பெயர் மார்ட்டபான். கொடி பிரித்தானியக் கொடி. ஆனால், பழைய பெயர் டெக்ஸன் ஸ்டார். விற்பனைத் தாள் போலியெனத் தீர்மானித்த செம்ஸ் அரிசியோடு கப்பலை எரித்தார். அதிலிருந்தோர் கிறிஸ்துமஸ் நாளன்று மலாக்காவில் இறக்கிவிடப்பட்டனர். மறுநாள் நீரிணையின் மேற்கு வாயிலருகே நங்கூரமிட்டிருந்த சொனோரா, ஹைலேண்டர் என்னும் இரு பெரிய அமெரிக்கக் கப்பல்களும் தீக்கிரையாயின. நம் பாடநூல்களில் மலாக்கா நீரிணை என்றாலே போர்த்துகீசியரும் டச்சுக்காரரும்தான் நினைவுக்கு வருகின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நெருப்பு இங்கே எரிந்த செய்தியை ஓர் அடிக்குறிப்பாகவேனும் மாணவர்க்குச் சொல்லலாம்.

பின்னர் வங்கக் கடலைக் கடந்து, இலங்கையைச் சுற்றி, 1864 ஜனவரி 14 அன்று மலபார்க் கரையருகே எம்மா ஜேன் என்ற கப்பலை எரித்தது. அதன் மாலுமிகள் திருவிதாங்கூர்ப் பகுதியிலுள்ள அஞ்சுதெங்கில் கரையிறக்கப்பட்டனர்.

இத்தனை இடங்களுக்கும் அக்கப்பலோடு வந்த ஓர் இளைஞனைக் குறிப்பிடாமல் விட மனம் ஒப்பவில்லை. டேவிட் ஒயிட் என்னும் அக்கறுப்பின இளைஞன், 1862 அக்டோபரில் பிடிபட்ட டோனவாண்டா என்ற கப்பலில் பயணியாக இருந்தவன். அடிமை எனக் கூறி, எதிரியின் உடைமையைப் பறிமுதல் செய்வதைப் போல அவனைச் செம்ஸ் எடுத்துக்கொண்டார். அதிகாரிகளுக்கு உணவு பரிமாறும் பணி தரப்பட்டது. அவன் விரும்பித்தான் தங்கினான் என்று செம்ஸ் எழுதினார். அவன் என்ன எண்ணினான் என்பதை எழுத எவரும் இல்லை. விசிறிக் கிணற்றின் நுட்பத்தை மெச்சும்போதெல்லாம் எனக்கு இவன் நினைவு குறுக்கிடுகிறது. பொறியியல் திறனை வகுப்பில் புகழ்ந்துவிட்டு, அது எவர் கையில், எதற்காகப் பயன்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடந்தான்.

1864 ஜூன் 11 அன்று பழுதுபார்க்கவென்று பிரான்சின் செர்போர்க் துறைமுகத்தை அடைந்தபோது அலபாமா களைத்திருந்தது, வெடிமருந்தும் கெட்டிருந்தது. ஜூன் 19ஆம் நாள் வடபுலத்தின் கியர்சார்ஜ் கப்பலோடு நடந்த போரில் அது வீசிய குண்டொன்று, எதிரியின் சுக்கான் தாங்கும் பின்தூணில் பாய்ந்து வெடிக்காமல் நின்றது. ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் நீடித்த போரில் அலபாமா மூழ்கியது. நீந்தத் தெரியாத டேவிட் ஒயிட் நீரில் மூழ்கி இறந்தான். செம்ஸை ஓர் ஆங்கில உல்லாசக் கப்பல் காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றது. 1872இல் ஜெனிவா நடுவர் மன்றத் தீர்ப்பின்படி, அலபாமா முதலிய கப்பல்கள் விளைத்த சேதத்திற்காகப் பிரித்தானியா ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு செலுத்தியது. மூழ்கிய கப்பலை 1984இல் பிரெஞ்சுக் கடற்படை கண்டுபிடித்தது.

விசிறிக் கிணறுகளுக்கும் நெடுநாள் வாழ்வில்லை. 1866இல் லிவர்பூலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்ட்டின் அகமெம்னான் கப்பல், நிலக்கரியைச் சிக்கனமாகச் செலவிடும் கூட்டு இயந்திரத்தோடு மொரீசியஸ் வரை 8,500 மைல் தொலைவை வழியில் நிலக்கரி ஏற்றாமலேயே கடந்து, பினாங்கையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சீனாவுக்குச் சென்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1871இல் பிரித்தானியக் கடற்படை, பாய்மரங்களே இல்லாத டெவஸ்டேஷன் என்ற போர்க்கப்பலை நீரில் இறக்கியது. பாய் இல்லாத கப்பலுக்கு விசிறியைத் தூக்க வேண்டிய தேவை ஏது? பெருங்கப்பல்கள் விட்டொழித்த அச்சிக்கல், பிற்காலத்தில் சிறு பாய்ப்படகுகளில் இயந்திரம் ஏறியபோதுதான் மீண்டும் தலைதூக்கியது. இம்முறை கிணறும் வேண்டியிருக்கவில்லை, கயிறு இழுக்க 600 பேரும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கீல் போதுமானதாயிற்று.