தரையில் விரித்த வரைபடம்: ஆறாம் வட்டாரத்து மக்கள் காணி கேட்ட கதை

வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு இப்போது சுவர்கூட இல்லை. 1990 இல் அங்கிருந்து வெளியேறிய அம்மம்மாவைக் கேட்டால், ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுவா. அதை நான் வயதானவர்களின் பழங்கதையாகத்தான் நினைத்திருந்தேன். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ள 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பற்றித் தேடி வாசித்தபோதுதான் அதன் பெறுமதி விளங்கியது.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றால் ஆறாம் வட்டாரம். நகர மையத்தை ஒட்டி, பல இனத்தவரும் மதத்தவரும் நெருங்கி வாழ்ந்த இடம். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை இனத்தின்படி வகுத்த சட்டம் 1950 இல் வந்தது. அதன் கீழ், 1966 பெப்ரவரி 11 அன்று, இந்த வட்டாரம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதென அரசு அறிவித்தது. 1980களின் தொடக்கத்துக்குள் 60,000 இற்கும் அதிகமானோர் தொலைவிலுள்ள மணல்வெளிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. சில வழிபாட்டிடங்களே தப்பின.

ஆனால் அந்த நிலத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் அங்கே மற்றவர்கள் கட்டடம் எழுப்புவதை எதிர்த்து நின்றதும் அதற்கு ஒரு காரணம். 1980களின் பிற்பகுதியில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் கைவைக்காதே' என்ற இயக்கம் உருவானது. 1994 டிசம்பரில் பழைய தேவாலயம் ஒன்றில் அந்த மக்களே ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதன் தரையில் வட்டாரத்தின் பெரிய வீதி வரைபடம் விரிக்கப்பட்டது. வந்தவர்கள் தங்கள் வீடு நின்ற இடத்தில் பெயரை எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் எறியாமல் வைத்திருந்த வீதிப் பெயர்ப்பலகைகளும் அங்கே தொங்கின.

அதே 1994 இல், இனவாதச் சட்டங்களால் பறிக்கப்பட்ட காணி உரிமையை மீளக் கேட்பதற்கான சட்டம் வந்தது. சொந்தக்காரர் மட்டுமல்ல, வாடகைக்கு இருந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். 1998 முடிவுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று காலக்கெடு வைத்தார்கள். 2004 பெப்ரவரி 11 அன்று, அறிவிப்பு வந்து சரியாக 38 ஆண்டுகளின் பின், முதலாவதாகத் திரும்பிய முதியவர்கள் இருவரிடம் நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வீடு கட்டும் வேலை இழுபட்டது. காத்திருந்தே பலர் இறந்துபோனார்கள். 2018 இல் விண்ணப்பதாரர்களின் குழு நீதிமன்றம் சென்றது. முழுமையான திட்டத்தைச் சமர்ப்பிக்குமாறு நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

எங்கள் நிலைமை வேறு. அங்கே பறித்தது இனப்பிரிப்புச் சட்டம், ஆட்சி மாறியதும் அதற்கு மாற்றுச் சட்டம் வந்தது. இங்கே போரும் உயர் பாதுகாப்பு வலயமும். ஆனாலும் ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கதவு திறக்கும் நாளில் கையில் கொடுக்க ஏதாவது இருக்கவேண்டும். உறுதி தொலைந்தவர்களுக்கு அயலவரின் சாட்சியம், பழைய கூப்பன் மட்டை, கிணறும் வேலியும் எங்கே இருந்தன என்ற குறிப்பு எல்லாமே உதவக்கூடும். இவற்றை ஒரு ஊராகச் சேர்ந்து திரட்டினால் பலம் அதிகம்.

போன மாதம் அம்மம்மாவோடு இருந்து எங்கள் ஒழுங்கையைக் கொப்பியில் வரைந்தேன். நான்கு வீடுகளின் பெயர் அவவுக்கு வரவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.