ஒரு கட்டை, ஒரு கார்ட்: அக்கார்டியன் யாருக்காகப் பிறந்தது?

இன்னைக்கு அக்கார்டியன். தோள்ல மாட்டி, துருத்தியை விரிச்சு மூடி வாசிப்பாங்களே, அதே கருவிதான். அதோட வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பேர் விரும்பி வாசிச்ச கருவியை, இசை படிச்சவங்க ஏன் ரொம்ப காலம் வாசல்லயே நிறுத்தினாங்க?

1829 மே மாதம். வியன்னாவில் ஆர்கனும் பியானோவும் செய்துகொண்டிருந்த சிரில் டெமியன், ஒரு சின்னப் பெட்டிக்குக் காப்புரிமை கேட்கிறார். அதில் 5 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினா ஒரு சுரம் மட்டும் வராது. பல சுரங்கள் சேர்ந்து வரும். அதைத்தான் கார்ட்னு சொல்றோம். ஜெர்மன்ல அக்கார்ட். கருவிக்குப் பேரும் அங்கிருந்துதான் வந்தது. துருத்தியை இழுத்தா ஒரு கார்ட், அமுக்கினா இன்னொண்ணு. ஆக 5 கட்டையில 10 கார்ட். இசை தெரியாதவரும் கொஞ்சம் பழகினா வாசிச்சிடலாம்னு அந்த மனுவிலேயே எழுதியிருக்கார்.

இது எப்படி வேலை செய்யுது? உள்ளே உலோகத் தகடுகள், தகட்டில் நீளமான துளை, துளைக்கு மேல ஒரு முனை மட்டும் பொருத்தின மெல்லிய ரீட். காற்று போகும்போது ரீட் அதிரும். நம்ம ஹார்மோனியத்திலும் இதே வித்தைதான். ஆனா அக்கார்டியன் தகட்டில் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரீட் இருக்கும். இழுக்கும்போது ஒண்ணு பேசும், அமுக்கும்போது மற்றது. டெமியன் பெட்டியில ரெண்டுக்கும் வேற வேற சுரம். இன்றைய பியானோ அக்கார்டியனில் ரெண்டுக்கும் ஒரே சுரம்.

அந்தப் பியானோ அக்கார்டியனில் பெரியதுக்கு இடது பக்கம் 120 பொத்தான்கள். வாசிக்கிறவர் கண்ணுக்கு அவை தெரியாது. அதனால ஸி பொத்தானில் ஒரு சின்னக் குழி இருக்கும். விரல் அதைத் தடவி இடம் கண்டுபிடிக்கும். ஒரு எளிய பாட்டுக்கு அதிகம் தேவைப்படும் ஸி, எஃப், ஜி மூணும் பக்கத்துப் பக்கத்துல. ஸ்ருதி மாறினாலும் விரல் போற வழி மாறாது. கத்துக்கிறவங்களுக்கு நிஜமான சவால் துருத்திதான். பாடகர் மூச்சு வாங்குற மாதிரி, பாட்டு வரி முடியற இடத்துல அதைத் திருப்பணும். நடுவுல திருப்பினா வரி உடையும்.

கொலம்பியாவில் வாயெனாட்டோ, லூசியானாவில் ஸைடிகோன்னு சாதாரண மக்கள் இதைத் தங்களோடதாக்கிக்கிட்டாங்க. சைக்கோவ்ஸ்கி 1883-ல ஒரு சூட்ல 4 அக்கார்டியன் சேர்த்தார். ஆனா அது அபூர்வம். காரணம், இடது கையில கிடைப்பது பெரும்பாலும் ரெடிமேட் கார்ட். அதை வெச்சு பாக் மாதிரி தனித்தனி இழைகள் பின்ன முடியாது.

அப்புறம் இடது கைக்கும் தனித்தனி சுரம் தர்ற ஃப்ரீ பேஸ் முறை பரவினது. சோஃபியா குபைதுலினா ரஷ்ய வகையான பயானுக்கு 1978-ல 'தே ப்ரொஃபுண்டிஸ்' எழுதினார். கச்சேரி மேடை திறந்தது. ஆனா டெமியன் எடுத்துப் போட்ட கஷ்டத்தைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் திறந்தது.

அடுத்த தடவை அக்கார்டியன் கேட்கும்போது இடது கையைக் கவனிங்க. அந்த 5 கட்டைப் பெட்டி இன்னும் அங்கதான் இருக்கு.