வணங்கப்படும் அணை, மறக்கப்பட்ட அணை: காலனியக் கால நீர்த்தேக்கங்களும் நினைவின் அரசியலும்

ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் மே 15 ஆர்தர் காட்டனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஊர்ச் சந்திகளில் அவருடைய சிலைகளுக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. 'அபர பகீரதன்' என்பது தெலுங்கு மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர். காலனிய அதிகாரிகளின் சிலைகள் பல நகரங்களில் பீடத்திலிருந்து இறக்கப்பட்டுவிட்ட நாட்டில், ஒரு பிரித்தானியப் பொறியாளருக்குக் குடியானவர்களே சிலை எழுப்பியிருப்பது விளக்கம் வேண்டும் செய்தியாகும்.

இந்த நன்றிக்கு உறுதியான அடிப்படை உண்டு. 1830களில் கோதாவரிக் கழிமுகத்தைப் பஞ்சமும் புயலும் மாறி மாறித் தாக்கின. மக்கள்தொகை சரிந்தது, நிலவரி வருவாயும் வீழ்ந்தது. நிலைமையை ஆராய்ந்த ஹென்றி மாண்ட்கோமரியின் அறிக்கை 1844இல் வந்தது. 1847இல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய அணைக்கட்டுப் பணி 1852இல் நிறைவுற்றது. அதன்பின் அக்கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று. கும்பினி அரசு எதிர்பார்த்த வரி வருவாயும் பெருகியது. பஞ்ச நிவாரணமும் வருவாய்க் கணக்கும் ஒரே திட்டத்தில் பிணைந்திருந்தன. நினைவில் முன்னது மட்டும் நிலைத்தது.

காட்டனின் தொழில்நுட்ப மூலமும் கவனிக்கத்தக்கது. கோதாவரிக்கு வருமுன் அவர் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பணியாற்றியவர். 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியவரும் அவரே. ஆழங்காண முடியாத மணற்படுகையின்மேல் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணையைக் கட்டிய முன்னோரிடமிருந்து கற்றதாக அவர் தம் எழுத்தில் ஒப்புக்கொண்டார். தவளேஸ்வரத்தில் அவருக்குத் துணைநின்ற வீணம் வீரண்ணாவின் பெயர் அப்பகுதிக்கு வெளியே அரிதாகவே ஒலிக்கிறது. கல் சுமந்த தொழிலாளர் பெயர்களோ எந்தப் பீடத்திலும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். தவளேஸ்வரத்தில் எழுந்தது தாழ்ந்த குறுக்கணை. ஆற்றின் நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்புவதே அதன் பணி. பள்ளத்தாக்குகளை மூழ்கடித்து நீரைத் தேக்கும் பேரணையன்று அது. ஆகவே அதன் பயனாளிகள் மிகப் பலர். வீடு இழந்து வெளியேறிய ஊர்களின் கதை அதனுடன் ஒட்டிவரவில்லை.

தேக்க அணை வேறொரு நினைவை உண்டாக்கியது. பூனாவுக்கு மேற்கே முல்ஷிப் பள்ளத்தாக்கில், நீலா, முளா ஆறுகள் கூடுமிடத்தில், பம்பாயின் ஆலைகளுக்கு மின்சாரம் வழங்க டாடா நிறுவனம் அணை கட்ட முற்பட்டது. கிழக்கே பாய்ந்து கிருஷ்ணையில் சேர வேண்டிய நீர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொங்கணப் பக்கம் பீராவிலுள்ள மின்நிலையத்தில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஊர்களின் நெல்வயல்கள் அழிவை எதிர்நோக்கின. 1921 ஏப்ரலில், ராமநவமியன்று, மாவளக் குடியானவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பாண்டுரங்க மகாதேவ் பாபட்டும் விநாயகராவ் புஸ்குட்டேயும் அதை முன்னின்று நடத்தினர். பாபட்டுக்குச் 'சேனாபதி' என்ற பட்டம் கிடைத்தது இப்போராட்டத்தில்தான்.

போராட்டம் தோற்றது. நிலத்தில் உரிமை கொண்டிருந்தோர் பலர் பூனாவில் வாழ்ந்த வட்டிக்கடைக்காரர்கள். இழப்பீடு அவர்களுக்குப் பொருந்தி வந்தது. உழுதவர்களுக்கோ அந்த நிலம்தான் பிழைப்பு. இரு தரப்பின் நலன்களும் பிரிந்ததைப் போராட்டத்தின் தோல்விக்கு முக்கியக் காரணமாக ராஜேந்திர வோரா தம் ஆய்வில் காட்டுகிறார். 1924இல் அணைத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற ரயிலை மறித்ததற்காகப் பாபட்டுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1927இல் பீராவில் மின்னுற்பத்தி தொடங்கியது. இன்று மும்பையிலும் புனேயிலும் சேனாபதி பாபட் சாலைகள் உள்ளன. அவற்றில் நாள்தோறும் செல்வோருள் அப்பெயரை மூழ்கிய ஊர்களுடன் சேர்த்து எண்ணுவோர் சிலரே. முல்ஷி ஏரியோ வார இறுதி உல்லாசத்தலம்.

முல்லைப்பெரியாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1895இல் முடிந்த அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குத் தேனி மாவட்டத்தில் ஜனவரி 15 அன்று பொங்கலிடுகின்றனர். அதே அணை கேரளத்தில், 1886இல் திருவிதாங்கூர் மீது சுமத்தப்பட்ட 999 ஆண்டுக் குத்தகையாகவும் பாதுகாப்பு அச்சமாகவும் நினைவுகூரப்படுகிறது. நீர் சென்ற பக்கம் நன்றியும், நீர் தேங்கிய பக்கம் மனக்குறையும் தங்கியுள்ளன.

அணையின் நினைவு நீரின் வழியே பரவுகிறது. கழிமுக விவசாயி ஆண்டுதோறும் வாய்க்காலைப் பார்க்கிறான், நன்றி புதுப்பிக்கப்படுகிறது. ஊரை இழந்தவர்கள் பல திசைகளில் சிதறினர். கூடி நினைவுகூர அவர்களுக்குத் திடலும் எஞ்சவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு கடந்த காலத்தோடு முடியவில்லை. முல்ஷியில் பயன்பட்ட 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், விடுதலைக்குப் பின்னும் பேரணைத் திட்டங்களுக்குக் கருவியாயிருந்தது. பட்டா உடையவருக்குப் பணம் என்பதே அதன் அடிப்படை. மறுவாழ்வைச் சட்டக் கடமையாக்கிய புதிய சட்டம் 2013இல்தான் நிறைவேறியது.

தவளேஸ்வரத்திற்கு மேலே, அதே கோதாவரியில், இன்று போலவரம் அணை எழுகிறது. அதன் தேக்கப் பகுதியில் கோயா, கொண்டாரெட்டிப் பழங்குடிகளின் ஊர்கள் உள்ளன. அத்திட்டத்தைப் போற்றுவோர் காட்டனின் பெயரைத் துணைக்கு அழைப்பதுண்டு. காட்டன் கட்டியது திருப்பணை, போலவரத்தில் எழுவது தேக்கணை. குறுக்கணை ஈட்டிய நன்றியைப் பேரணையின் கணக்கில் வரவு வைக்க இயலாது. போலவரத்தை மதிப்பிட விரும்பும் ஆய்வாளர் தவளேஸ்வரத்தின் சிலைகளுடன் முல்ஷி ஏரியின் அடியில் கிடக்கும் வயல்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.